ஹார்ட் சிடிக்கு புதுசா வந்தவங்களுக்கு: கதிர் டோஸ் குறையறது வெயிட்டிங் ஹால்ல, மிஷின ஓட்டற கன்சோல்ல இல்ல

ராயபுரம் பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல சிடி டெக்னீஷியனா இருக்கேன். வருஷா வருஷம் டிப்ளமோ முடிச்ச பசங்க, பிஎஸ்சி முடிச்ச பொண்ணுங்கன்னு ரெண்டு மூணு பேர் புதுசா வருவாங்க, மூளை சிடி, வயிறு சிடி எல்லாம் ஒரு மாசத்துல கைக்கு வந்துடும், ஆனா "கார்டியாக் கேஸ் வந்திருக்கு"ன்னு ரிசப்ஷன்ல இருந்து போன் வந்தா மட்டும் ஒருத்தனுக்கு பாத்ரூம் வரும், இன்னொருத்தனுக்கு டீ குடிக்க தோணும். நானும் அப்படி ஓடினவன்தான், அதனால திட்ட மாட்டேன். அவங்க கிட்ட வாயால சொல்றத இங்க எழுதி வெக்கிறேன்.

மொதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. படம் கெடுறது ரெண்டு விதம். ஒண்ணு நாய்ஸ், அதாவது படம் முழுக்க ரவை தூவின மாதிரி பொரி பொரியா இருக்கறது. இன்னொண்ணு மோஷன், ஹார்ட் ஆடினதால ரத்தக்குழாய் ரெட்டையா, வால் முளைச்ச மாதிரி தெரியறது. நாய்ஸ்க்கு மருந்து டோஸ். மோஷனுக்கு டோஸ் மருந்தே இல்ல. காசிமேட்டுல அலையில ஆடிட்டு இருக்கற போட்டோட நம்பர ராத்திரில படிக்கணும்னு வெச்சுக்கோங்க, டார்ச் எவ்ளோ பெருசா அடிச்சாலும் போட் ஆடற வரைக்கும் நம்பர் தெரியாது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல அது ஒரு செகண்ட் நிக்கும் பாருங்க, அப்ப சின்ன டார்ச் போதும். ஹார்ட்லயும் அதே கதை, துடிப்புக்கு நடுவுல டயஸ்டோல்னு ஒரு ஓய்வு வருது, அதுல பிடிச்சா கம்மி கதிர்லயே படம் வந்துடும். புதுசா வர்றவங்க பண்ற தப்பு என்னன்னா, படம் கலங்கி இருக்கா, உடனே எம்ஏ ஏத்து, அதாவது எக்ஸ்ரே ட்யூப்ல ஓடற கரண்ட்ட கூட்டி கதிர ஜாஸ்தி ஆக்கு. கலங்கினது நாய்ஸாலயா மோஷனாலயான்னு பாக்கறதே இல்ல.

நான் பண்ண ஒரு கூத்த சொல்றேன், முன்னாடி வேல செஞ்ச ஒரு எடத்துல, எந்த எடம்னு வேணாம். மீன் ஏலம் எடுக்கற ஒரு அண்ணன், அம்பது வயசு இருக்கும், ஹார்ட் ரேட் 82. வெளிய நாலு பேர் காத்திருக்காங்க, மதியம் சாப்பாடு வேற ஆகல, நான் என்ன பண்ணேன், ரேட் கொறையற வரைக்கும் காத்திருக்காம ரெட்ரோஸ்பெக்டிவ்ல, அதாவது துடிப்பு பூரா கதிர் அடிக்கற மோடுல போட்டு, வேண்டாத நேரத்துல கதிர குறைக்கற எம்ஏ மாடுலேஷனயும் ஆஃப் பண்ணிட்டு, "எந்த பேஸ் (துடிப்போட எந்த கட்டம்) வேணும்னாலும் அப்புறம் எடுத்துக்கலாம்"னு ஒரே அடியா அடிச்சேன். டிஎல்பி, அதாவது ஸ்கேன் முடிஞ்சதும் மிஷின் காட்டற மொத்த கதிர் கணக்கு, 1180. அத நெஞ்சு ஸ்கேனுக்கான 0.014ங்கற எண்ணால பெருக்கினா உடம்பு வாங்கின கதிர் பதினாறரை மில்லி சீவர்ட்னு வருது. நம்ம நாட்டுல கதிர் வேலை செய்யற நமக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏஇஆர்பி, குடுத்திருக்கற அளவு அஞ்சு வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட்தான், எந்த ஒரு வருஷமும் 30அ தாண்டக்கூடாது, நான் அந்த மனுஷனுக்கு பத்து செகண்ட்ல கிட்டத்தட்ட அத்தன குடுத்துட்டேன். அவ்ளோ குடுத்தும் வலது கரோனரி, அதாவது ஹார்ட்டுக்கே ரத்தம் குடுக்கற குழாய், நடுவுல கலங்கிப் போயி ரேடியாலஜிஸ்ட் "இத வெச்சு நான் என்னத்த ரிப்போர்ட் பண்றது"ன்னு கேட்டாரு. படத்துல நாய்ஸ் ஒரு துளி இல்ல, வழவழன்னு இருந்துச்சு, ஆனா ஒண்ணுத்துக்கும் ஆகல.

அதுக்கு நேர்மாறா இன்னொரு கேஸ், வியாசர்பாடி ஆயா ஒருத்தங்க, ரேட் 58, 100 கேவி (ட்யூபுக்கு குடுக்கற வோல்டேஜ்), ப்ரோஸ்பெக்டிவ் (ஓய்வு நேரத்துல மட்டும் கதிர் அடிக்கற மோடு), டிஎல்பி 190. படம் கொஞ்சம் பொரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா மூணு குழாயும் நுனி வரைக்கும் தெரிஞ்சுது, ரிப்போர்ட் அரை மணி நேரத்துல வந்துடுச்சு. அதனால, படம் அழகா இருக்கணும்னு நம்மள யாரும் கேக்கல, டாக்டர் கேட்ட கேள்விக்கு பதில் சொல்ற அளவுக்கு இருந்தா போதும். அதுக்காக கஞ்சத்தனமா டோஸ் குறைச்சு, ஒண்ணும் தெரியாம திரும்ப எடுத்தீங்கன்னா அது ரெட்டை டோஸ், ரெட்டை காண்ட்ராஸ்ட் (குழாய் பளிச்சுன்னு தெரிய ஊசியில போடற மருந்து). அதுவும் பேஜாரு.

சீட்ட படிங்க

டாக்டர் என்ன கேட்டிருக்காருன்னு சீட்ட முழுசா படிங்க. அடைப்பு இருக்கா இல்லையான்னு பாக்கவா, பைபாஸ் பண்ணவங்களா, ஸ்டென்ட் இருக்கா, வெறும் கேல்சியம் ஸ்கோர், அதாவது குழாய்ல படிஞ்ச சுண்ணாம்ப அளக்கறது மட்டுமா. பைபாஸ்னா கழுத்தெலும்பு கிட்ட இருந்து எடுக்கணும், நீளம் ஜாஸ்தி, டோஸும் ஜாஸ்தி, வேற வழி இல்ல. ஸ்டென்ட்னா எத்தன மில்லிமீட்டர்னு பழைய ரிப்போர்ட்ல பாருங்க, 3 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா உள்ள தெரியறது கஷ்டம், ரேடியாலஜிஸ்ட் கிட்ட மொதல்லயே ஒரு வார்த்த கேட்டுடுங்க, எடுத்துட்டு கேக்காதீங்க. பொண்ணுங்கன்னா கடைசி பீரியட்ஸ் தேதி கேக்காம டேபிள்ல ஏத்தவே கூடாது.

கிரியாட்டினின், பிபி, வீசிங், அலர்ஜி, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாங்களா, இதெல்லாம் ஃபார்ம்லயே இருக்கும். ஆனா ஃபார்ம்ல டிக் போட்டிருக்குன்னு நம்பாதீங்க. எண்ணூர், மணலி பக்கத்துல இருந்து வர்றவங்க கிட்ட வீசிங் பத்தி நான் ரெண்டு தடவ கேப்பேன், "அதெல்லாம் இல்ல சார், மழை நாள்ல மட்டும் லைட்டா இழுக்கும்"னு சொல்லுவாங்க, அந்த 'லைட்டா'தான் நமக்கு முக்கியம், ஏன்னா ரேட்ட குறைக்க குடுக்கற மெட்டோப்ரோலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்ச பிடிச்சிடும். இன்னொண்ணு, குழாய விரிக்க நாக்கு அடியில நைட்ரேட் மாத்திரையோ ஸ்ப்ரேவோ குடுப்போம், சில்டனாஃபில் மாதிரி மாத்திரை போட்டிருந்தா அத குடுத்தா பிபி படுத்துடும். இத பொண்டாட்டியும் பையனும் பக்கத்துல நிக்கும்போது கேட்டா எந்த ஆம்பளையும் ஆமான்னு சொல்ல மாட்டான். சட்டைய மாத்தற ரூம்ல தனியா, மெதுவா, "அண்ணே தப்பா நெனைக்காதீங்க, எல்லாரையும் கேக்கறதுதான்"னு கேளுங்க.

ஹார்ட் ரேட், இங்கதான் மொத்த கதையும்

60க்கு கீழ இருந்தா சோக்கா வரும், 65 வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல போகப் போக டயஸ்டோல் ஓய்வு சுருங்கிட்டே போகும். நம்ம மிஷின் ஒரு சுத்து சுத்த 0.35 செகண்ட்னா, ஒரு படத்துக்கு அரை சுத்து வேணும், அதாவது சுமார் 175 மில்லி செகண்ட். ஹார்ட் அந்த நேரம் சும்மா இருக்கணும். ரேட் 80ன்னா அந்த இடைவெளியே கிடைக்காது. ரெட்டை ட்யூப் மிஷின்னா இது பாதிக்கும் கீழ வந்துடும், அங்க கொஞ்சம் தாராளமா இருக்கலாம், ஆனா நம்ம ஏரியாவுல நீங்க மொதல்ல கை வெக்கப்போறது பெரும்பாலும் ஒத்த ட்யூப் மிஷின்தான்.

டீ. இது ஒரு தனி பிரச்சனை. "வெறும் வயித்துல வாங்க"ன்னு சொன்னா நம்ம ஜனம் டீ குடிச்சிட்டு வரும், கேட்டா "சாப்பாடு ஒண்ணும் சாப்பிடல சார், டீ மட்டும்தான்". அவங்க கணக்குல டீ சாப்பாடு இல்ல, தண்ணி மாதிரி. ஆனா டீல இருக்கற காஃபின் ரேட்ட ஏத்திடும். அதனால அப்பாயின்ட்மென்ட் குடுக்கும்போதே ரிசப்ஷன்ல தெளிவா சொல்ல சொல்லுங்க, மொத நாள் ராத்திரில இருந்தே டீ, காபி, கோலா எதுவும் வேணாம், தண்ணி குடிக்கலாம், தெனம் போடற பிபி மாத்திரைய நிறுத்த வேணாம், காலையில பீடி சிகரெட் வேணாம். "டீ இல்ல"ங்கற வார்த்தைய தனியா சொல்லணும், "ஒண்ணும் சாப்பிடாம"ல அது அடங்காது.

வந்ததும் ரேட் பாருங்க. கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்டு மூடியிருந்து, ஆட்டோவுல இருந்து எறங்கி ஓடி வந்தவருக்கு 95 இருக்கும், அத உண்மையான ரேட்னு நெனச்சு டாக்டர கூப்பிடாதீங்க, ஒரு பதினஞ்சு நிமிஷம் ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சிட்டு திரும்ப பாருங்க. அப்பவும் 65க்கு மேலன்னா ட்யூட்டி டாக்டர் கிட்ட சொல்லுங்க. வழக்கமா 50 இல்ல 100 மில்லிகிராம் மெட்டோப்ரோலால் வாயில குடுத்து ஒரு மணி நேரம் காத்திருப்பாங்க, இல்லன்னா ஊசியா கொஞ்சம் கொஞ்சமா போடுவாங்க, வீசிங் இருந்தா ஐவாப்ரடின்னு வேற வழி இருக்கு. இத எழுதறதும் குடுக்க சொல்றதும் டாக்டர் வேல, நீங்களா குடுக்கவே கூடாது, "போன தடவ இவ்ளோதான் குடுத்தாங்க"ங்கறதெல்லாம் ஆகாத பேச்சு. உங்க வேல அந்த ஒரு மணி நேரத்த வாங்கிக் குடுக்கறது. மேனேஜர் வந்து "அந்த கேஸ் என்னாச்சு, இன்னும் ஏத்தலையா"ன்னு நிப்பாரு, வெளிய ஜனம் முணுமுணுக்கும், நடுவுல ரெண்டு மூளை சிடிய எடுத்து விடுங்க, வரிசைய மாத்துங்க, ஆனா 80ல இருக்கறவர ஏத்தாதீங்க. கதிர் குறையற எடத்துலயே பெரிய எடம் இந்த பெஞ்சுதான், கன்சோல் இல்ல.

மூச்சு ஒத்திகை

மிஷின்ல இருக்கற பதிவு பண்ண குரல் இங்கிலீஷ்ல "ப்ரீத் இன்"னு சொல்லும். நம்ம ஆயா என்ன பண்ணும், "இன்னாபா சொல்றான்"னு தலைய தூக்கி நம்மள பாக்கும். அவ்ளோதான், ஒரு ஸ்லாப், அதாவது படத்துல ஒரு துண்டு, போச்சு. உங்க குரல்லயே தமிழ்ல பதிவு பண்ணுங்க, எல்லா மிஷின்லயும் அந்த வசதி இருக்கு. சௌகார்பேட்ட கிட்ட இருந்து இந்தி பேசறவங்க வருவாங்க, மண்ணடில இருந்து உருது, தெலுங்கு பேசறவங்களும் நெறைய, ஸ்டாஃப்ல யாருக்கு எந்த பாஷை வருதோ அவங்கள வெச்சு பதிவு பண்ணிடுங்க, அர நாள் வேல, வருஷம் பூரா உபயோகம்.

சொல்ற வார்த்தையும் முக்கியம். "நல்லா மூச்ச இழுங்க"ன்னா நெஞ்சு வெடிக்கற மாதிரி இழுத்து, முக்கிப் பிடிப்பாங்க, அப்படி முக்கினா காண்ட்ராஸ்ட் ஹார்ட்டுக்கு வர்ற வேகமே மாறிடும். "முக்கால்வாசி இழுங்க, வாய மூடுங்க, அப்படியே நிறுத்துங்க, முக்காதீங்க"ன்னு சொல்லுங்க. டேபிள்ல படுக்க வெச்சு ரெண்டு தடவ ஒத்திகை பாருங்க, அப்ப உங்க கண்ணு வயித்து மேல ஒண்ணு, ஈசிஜி மேல ஒண்ணு இருக்கணும். சில பேருக்கு மூச்ச பிடிச்சதும் ரேட் 66ல இருந்து 60க்கு எறங்கும், அது நமக்கு லாபம். சில பேருக்கு ஏறும். எத்தனாவது செகண்ட்ல நிலைக்குதுன்னு பாத்து வெச்சுக்கிட்டா ஸ்கேன் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எத்தன செகண்ட் விடணும்னு தெரிஞ்சுடும். கடல்ல முங்கி எழற நம்ம காசிமேட்டு ஆளுங்க முப்பது செகண்ட் கூட கல்லு மாதிரி இருப்பாங்க. டைலர் தாத்தாக்கு எட்டு செகண்டே மலை. அவருக்கு ஒத்திகையில முடியலன்னா ஸ்கேன்லயும் முடியாது, அத மொதல்லயே ரேடியாலஜிஸ்ட் கிட்ட சொல்லிடுங்க.

காண்ட்ராஸ்ட் போகும்போது உடம்பு சூடாகும், யூரின் வந்துட்ட மாதிரி இருக்கும், ஆனா வராதுன்னு முன்னாடியே சொல்லுங்க. சொல்லாம விட்டா சரியா அந்த நேரம் பயந்து ரேட் பத்து ஏறும், பண்ண வேலை எல்லாம் போச்சு.

லீட், வென்ஃப்ளான், தாலி

சித்திரை வெயில்ல வந்த நெஞ்சுல ஈசிஜி எலக்ட்ரோட் ஒட்டாது. வேர்வை ஒரு பக்கம், சில பேர் காலையிலயே நெஞ்சுல தைலம் தடவிட்டு வந்திருப்பாங்க. ஸ்பிரிட் போட்டு துடைங்க, காய விடுங்க, முடி இருந்தா அந்த எடத்துல மட்டும் எடுத்துடுங்க. கைய தலைக்கு மேல தூக்க வெச்சதுக்கு அப்புறம் ஒட்டுங்க, கீழ இருக்கும்போது ஒட்டிட்டு தூக்கினா தோல் இழுத்து பிச்சுக்கும். ஈசிஜில ஒவ்வொரு துடிப்புக்கும் வர்ற ஆர் அலை நல்லா உயரமா தெரியணும், குட்டையா இருந்து டி அலைய மிஷின் ஆர்னு எண்ணிச்சுன்னா ட்ரிகர் தப்பான நேரத்துல அடிக்கும், டோஸ் போனதுதான் மிச்சம். லீட் ஒயர் ஸ்கேன் ஆகற எடத்துக்கு குறுக்க போக வேணாம்.

வென்ஃப்ளான், அதாவது காண்ட்ராஸ்ட் போக வெக்கற ஊசிக்குழாய், வலது கை மடிப்புல, 18 நம்பர். இடது கைல போட்டா அடர்த்தியான காண்ட்ராஸ்ட் நெஞ்சுக்கு குறுக்க வந்து கோடு கோடா அடிக்கும், பைபாஸ் கேஸ்ல அந்த கோடு சரியா நமக்கு வேண்டிய குழாய் மேலயே விழும். போட்டதும் சலைன் வேகமா தள்ளிப் பாருங்க, வீங்குதான்னு விரல் வெச்சு பாருங்க.

தாலி விஷயத்துல அடம் பிடிக்காதீங்க. "கழட்டுங்கம்மா"ன்னு நீங்க, "மாட்டேன்"னு அவங்க, வெளிய இருந்து மாமியார் ஒரு குரல், ரேட் எங்கயோ போயிடும். கழுத்துக்கு மேல தூக்கி ஒரு பக்கமா ஒதுக்கி விட்டாலே போதும், நம்ம ஸ்கேன் ஆரம்பிக்கற எடம் அதுக்கு ரொம்ப கீழ.

டேபிள் உயரம்

இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, காசு செலவே இல்லாத விஷயம். ஆள் சரியா நடுவுல இல்லன்னா டோபோகிராம்ல (ஸ்கேனுக்கு முன்னாடி எடுக்கற மேலோட்டமான படத்துல) அளவு மாறித் தெரியும், ட்யூபுக்கு கிட்ட இருந்தா பெருசா தெரியும், மிஷின் "ஓ, குண்டு ஆளு"ன்னு எம்ஏவ ஏத்திடும். தள்ளி இருந்தா சின்னதா தெரிஞ்சு எம்ஏ குறைஞ்சு படம் பொரியும். நமக்கு வேண்டியது ஹார்ட், தொப்பை இல்ல, அதனால லேசர் கோட்ட நெஞ்சு மட்டத்துக்கு பாருங்க, ஆள அவரோட வலது பக்கமா லேசா நகர்த்தி படுக்க வெச்சா ஹார்ட் நடுவுக்கு வரும். கை ரெண்டும் மேல. தோள் வலி உள்ளவங்களுக்கு தலகாணி வெச்சு குடுங்க, இல்லன்னா நடுவுல கைய எறக்கிடுவாங்க.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கறது

சாதாரண கரோனரிக்கு மூச்சுக்குழாய் ரெண்டா பிரியற கேரினாவுக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் கீழ ஆரம்பிச்சு ஹார்ட் அடி முடியற எடம் வரைக்கும், 12லிருந்து 14 சென்டிமீட்டர் வரும். "சேஃப்டிக்கு" மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு விட்டா 13க்கு 4, முப்பது சதவீதம் டோஸ் சும்மா. நாலு சென்டிமீட்டர் டிடெக்டர்ல ப்ரோஸ்பெக்டிவ்னா இன்னும் மோசம், நாலு ஸ்லாப்ல முடிய வேண்டியது ஒரு அரை சென்டிமீட்டர் நீட்டினதால அஞ்சாவது ஸ்லாப் கேக்கும், டோஸும் கால்பங்கு ஏறும், மூச்சும் ரெண்டு துடிப்பு அதிகம் பிடிக்கணும். கேல்சியம் ஸ்கோர் எடுத்திருந்தா அந்த படத்துலயே குழாய் எங்க ஆரம்பிக்குது, ஹார்ட் எங்க முடியுதுன்னு தெரியும், அத வெச்சு வெட்டுங்க, டோபோவ வெச்சு குத்துமதிப்பா போட வேணாம்.

கேல்சியம் ஸ்கோர் பத்தி ஒரு வரி. அங்க கெட்டிக்காரத்தனம் காட்டி கேவிய குறைக்காதீங்க. 1990ல அகாட்ஸ்டன்னு ஒரு டாக்டர் போட்ட கணக்கு 130 ஹவுன்ஸ்ஃபீல்ட் (படத்துல அடர்த்திய அளக்கற அலகு) கோட்ட வெச்சு வந்தது, நம்ம நடைமுறை 120 கேவி, 3 மில்லிமீட்டர் ஸ்லைஸ்தான், கேவிய மாத்தினா ஸ்கோரும் மாறிடும். அது சுமார் ஒரு மில்லி சீவர்ட் சமாச்சாரம், அதோட விடுங்க. ஸ்கோர் எக்கச்சக்கமா வந்தா காண்ட்ராஸ்ட் போடறதுக்கு முன்னாடி ரேடியாலஜிஸ்ட கூப்பிட்டு காட்டுங்க, சுண்ணாம்பு அந்த அளவு இருந்தா குழாய்க்குள்ள எதுவும் தெரியாது, மேல போகணுமா வேணாமான்னு அவர் சொல்லட்டும்.

கேவி, எம்ஏ

எம்ஏவ பாதியாக்கினா டோஸ் பாதி, நாய்ஸ் சுமார் நாப்பது சதவீதம் ஏறும். நாய்ஸ பாதியாக்கணும்னா டோஸ நாலு மடங்கு ஆக்கணும். இந்த கணக்க ஒரு தடவ மனசுல வாங்கிட்டா "இன்னும் கொஞ்சம் வழவழன்னு" கேக்கற ஆசை போயிடும்.

கேவி இதவிட பலம். 120ல இருந்து 100க்கு எறக்கினா, எம்ஏ அதேதான்னாலும், டோஸ் மூணுல ஒரு பங்கு கிட்ட விழுந்துடும். இதுல இன்னொரு லாபம், காண்ட்ராஸ்ட்ல இருக்கற அயோடின் 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிட்டதான் கதிர அதிகமா உறிஞ்சும், கேவி குறைய குறைய கதிர் அந்த எடத்துக்கு கிட்ட வருது, அதனால குழாய் இன்னும் பளிச்சுன்னு தெரியும். நாய்ஸ் ஏறினாலும் குழாய் பளிச்சுன்னு இருக்கறதால கண்ணுக்கு உறுத்தாது. 90 கிலோவுக்குள்ள, இல்ல பிஎம்ஐ 30க்குள்ளன்னா 100 கேவிதான் ஆரம்பம், ஒல்லியான ஆளுங்களுக்கு 80 கூட வரும். வெயிட் மிஷின மட்டும் நம்பாதீங்க, 92 கிலோன்னு எழுதியிருப்பாங்க, எல்லாம் தொப்பையில இருக்கும், நெஞ்சு ஒல்லியா இருக்கும், நமக்கு நெஞ்சுதான் கணக்கு. திருவொத்தியூர்ல இருந்து வந்த ஒரு குண்டு அண்ணனுக்கு அப்படித்தான் 100ல எடுத்தேன், பக்கத்துல இருந்த சீனியர் 120தான் போடணும்னு கத்திட்டே இருந்தாரு, படத்த பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு. அதேநேரம் சுண்ணாம்பும் ஸ்டென்ட்டும் நெறைய இருந்தா கேவி குறைக்கும்போது அதுங்க இன்னும் பூத்துப் பெருசா தெரியும், அங்க கேட்டுட்டு பண்ணுங்க.

எந்த மோடு

ரேட் 65க்குள்ள, துடிப்பு சீரா இருக்கா, ப்ரோஸ்பெக்டிவ், யோசிக்கவே வேணாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற நேரத்துல 70, 75 சதவீதம் கிட்ட, அதாவது டயஸ்டோல்ல மட்டும் கதிர் அடிக்கும், மத்த நேரம் ட்யூப் ஆஃப். ஒரு துடிப்புல எடுக்கும், அடுத்த துடிப்புல டேபிள் நகரும், நாலு ஸ்லாப்புக்கு ஏழு துடிப்பு, 60 ரேட்டுக்கு ஏழு செகண்ட். நடுவுல ரேட் மாறினா ஸ்லாப் ஸ்லாப்பா படி படியா வெட்டின மாதிரி தெரியும், அதான் அந்த ஒத்திகை.

பேடிங்னு ஒண்ணு இருக்கும், வேண்டிய பேஸுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் நேரம் கூட்டி எடுக்கறது. பயத்துல எல்லாரும் அத அகலமா வெச்சிடுவாங்க, ரேட் 56, ஆடாம அசையாம இருக்கு, அதுக்கு எதுக்கு அவ்ளோ பேடிங்? கதிர் அடிக்கற நேரம் கூடக் கூட டோஸும் கூடவே ஏறும். 62, 64னு ஆடிட்டு இருந்தா கொஞ்சம் வெச்சுக்கோங்க, தப்பில்ல.

ரேட் குறையவே மாட்டேங்குது, மாத்திரையும் குடுக்க முடியாது, இல்ல துடிப்பு தாறுமாறா இருக்குன்னா ரெட்ரோஸ்பெக்டிவ், அதுலயும் மாடுலேஷன் ஆன்லதான் இருக்கணும், வேண்டிய பேஸ்ல மட்டும் முழு எம்ஏ, மத்த நேரம் குறைஞ்சுடும். வேகமான ரேட்டுக்கு ஹார்ட் சுருங்கற சிஸ்டோல் கடைசில, 35லிருந்து 45 சதவீதம் கிட்ட, படம் நல்லா கிடைக்கும், மிஷின் விட்டா ப்ரோஸ்பெக்டிவ்லயே அங்க எடுக்கலாம். 16 சென்டிமீட்டர் டிடெக்டர் மிஷின்னா ஒரே துடிப்புல முடிஞ்சுடும், ரெட்டை ட்யூப்ல டேபிள படு வேகமா ஓட்டி எடுக்கற ஹை பிட்ச்னு ஒண்ணு, சரியான ஆளுக்கு ஒரு மில்லி சீவர்ட்டுக்குள்ளயே வந்துடும். அந்த மிஷின் கிடைச்சா நீங்க குடுத்து வெச்சவங்க.

இது எல்லாம் நானா சொல்றது இல்ல, ப்ரொடெக்ஷன்னு ஒரு வரிசை ஆய்வு இருக்கு. 2007ல 50 எடத்துல பாத்தப்ப கரோனரி சிடியோட நடு அளவு டிஎல்பி 885, சுமார் 12 மில்லி சீவர்ட். பத்து வருஷம் கழிச்சு 2017ல 61 எடத்துல பாத்தா 195, அதாவது 2.7. முக்கால் பங்குக்கு மேல குறைஞ்சிருக்கு. குறைச்சதுல பெரிய பங்கு கேவியும் இந்த ப்ரோஸ்பெக்டிவும்தான். ஆனா எடத்துக்கு எடம் வித்தியாசம் அப்பவும் மலைக்கும் மடுவுக்கும் இருந்துச்சு. அதாவது மிஷின் இருந்தா மட்டும் பத்தாது, அத ஓட்டறது யாருன்னு ஒண்ணு இருக்கு.

காண்ட்ராஸ்ட்டும் மிச்சமும்

மில்லிக்கு 350 இல்ல 370 மில்லிகிராம் அயோடின் உள்ள சரக்கு, 60லிருந்து 80 மில்லி, செகண்டுக்கு 5 மில்லி, பின்னாடியே 40 மில்லி சலைன். 100 கேவின்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம். அயோர்ட்டாவுல, அதாவது ஹார்ட்ல இருந்து கிளம்பற பெரிய குழாய்ல, வட்டம் வெச்சு காண்ட்ராஸ்ட் வர்றத பாத்து, 100, 150 ஹவுன்ஸ்ஃபீல்ட் தாண்டினதும் ஸ்கேன் ட்ரிகர். வட்டத்த குழாய் சுவர்ல முட்டற மாதிரியோ சுண்ணாம்பு மேலயோ வெக்காதீங்க. கண்காணிப்பு ஷாட்ட இன்ஜெக்ஷன் ஆரம்பிச்ச உடனே ஓட விட வேணாம், பத்து செகண்ட் கழிச்சு ஆரம்பிச்சா போதும், அதுக்கு முன்னாடி அங்க பாக்க ஒண்ணும் இருக்காது. நைட்ரேட் ரேட்ட கொஞ்சம் ஏத்தும், அதனால எல்லாம் ரெடி ஆனப்புறம், ஸ்கேனுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி குடுக்க சொல்லுங்க.

ரீகான்ல, அதாவது கம்ப்யூட்டர் படத்த கட்டறப்ப, இட்டரேட்டிவ்ங்கற முறை இருந்தா போடுங்க, நாய்ஸ நல்லா அடிக்கும். ஆனா அத போட்டுட்டு எம்ஏவ குறைக்காம விட்டா அர்த்தமே இல்ல, படம் மட்டும் மெழுகு பூசின மாதிரி ஆகும். லெவல நடுவுல வெச்சு, ரேடியாலஜிஸ்ட் கண்ணுக்கு பழகப் பழக எம்ஏவ படி படியா எறக்குங்க, ஒரே நாள்ல பாதி ஆக்கினா அவர் உங்கள பாதி ஆக்கிடுவாரு.

எடுத்து முடிச்சதும்

டோஸ் பேஜ மூடாதீங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வெச்சுக்கோங்க, தேதி, வெயிட், ரேட், கேவி, மோடு, நீளம், டிஎல்பி, படம் எப்படி இருந்துச்சு, அவ்ளோதான், பேரெல்லாம் எழுத வேணாம். இருவது கேஸ் ஆனதும் உக்காந்து பாருங்க. எனக்கு அப்படி பாத்தப்பதான் தெரிஞ்சுது, சனிக்கிழமை கேஸ்ங்களுக்கு மட்டும் டிஎல்பி தூக்கலா இருந்துச்சு. கூட்டம் ஜாஸ்தி, அதனால பெஞ்சுல உக்கார வெக்கற நேரம் கம்மி. அதுக்கப்புறம் சனிக்கிழமை ரெண்டு ஹார்ட் கேஸ்க்கு மேல அப்பாயின்ட்மென்ட் குடுக்காதீங்கன்னு ரிசப்ஷன்ல சண்ட போட்டு வாங்கினேன்.

ரேட் குறைக்க மாத்திரை குடுத்தவங்கள உடனே அனுப்பிடாதீங்க, அர மணி நேரம் உக்கார வெச்சு பிபி பாருங்க, நைட்ரேட்டும் சேந்து எழுந்ததும் தலை சுத்தும், படியில விழுந்தா வேற ஸ்கேன் எடுக்க வேண்டி வரும். எலக்ட்ரோட மெதுவா உரிங்க, முடியோட சேத்து பிச்சா கத்துவாங்க. வென்ஃப்ளான் எடுத்து பஞ்சு வெச்சு அஞ்சு நிமிஷம் அழுத்த சொல்லுங்க. நெறைய தண்ணி குடிக்க சொல்லுங்க. அப்புறம் "இப்ப டீ குடிக்கலாம்ணே"ன்னு சொல்லுங்க, காலையில இருந்து அதுக்காகத்தான் மூஞ்ச தூக்கி வெச்சிட்டு உக்காந்திருப்பாரு.